ஒரே மூலநிரல், வேறு வேறு முழக்கோல்

புஞ்சாக் ஆலாமில் யூஐடிஎம் வளாகத்தைச் சுற்றி வாடகை வீடுகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் கையில் இரண்டாம் கை மடிக்கணினி இருப்பது சாதாரணக் காட்சி. ஈஜோக், ஜெரம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களிலும் அப்படித்தான். அந்தக் கணினிகளில் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸுக்கு மாறுகிறார்கள். உபுண்டு போன்ற ஒரு வெளியீட்டை இறக்கி நிறுவிக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் எல்லாம் நன்றாக ஓடுகிறது.

ஒரு நாள் வழக்கமான அப்டேட் வருகிறது. கணினியை அணைத்துப் போட்டால் வைஃபையைக் காணோம். சில்லு பழுதாகியிருக்குமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. துவக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் போட்டால் வைஃபை திரும்பிவிடுகிறது. புதிய கெர்னலுக்குப் போனால் மறைந்துவிடுகிறது. அந்த வைஃபைக்கான டிரைவரின் மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு எது மாறியது?

இதற்கான விடை பலமுறை யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது. கெர்னலையும் டிரைவரையும் கட்டிய கருவிகள் வேறு வேறு.

கெர்னல், அதாவது கருநிரல், இயங்குதளத்தின் நடுப்பகுதி. நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முடிவு செய்வது, வட்டு, திரை, வலையமைப்பு ஆகியவற்றோடு பேசுவது எல்லாம் அதன் பொறுப்பு. உலகத்தில் உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் வேண்டிய நிரலை ஒரே மூட்டையாகக் கட்டி நினைவகத்தில் ஏற்ற முடியாது. அதனால் தேவைப்படும்போது செருகிக்கொள்ளும் துண்டுகளாகப் பலவற்றை வைத்திருக்கிறார்கள். அவைதான் மாட்யூல்கள், கூறுகள் என்றும் சொல்லலாம். வைஃபை டிரைவர் பெரும்பாலும் அப்படி ஒரு கூறு.

சாதாரணச் செயலிக்கும் இந்தக் கூறுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. உலாவி செயலிழந்தால் உலாவி மட்டும் மூடும். கூறு கெர்னலின் நினைவகத்துக்குள்ளேயே, கெர்னலுக்குள்ள அத்தனை அதிகாரத்தோடும் ஓடுகிறது. அது தவறான இடத்தைப் படித்தால் கணினியே விழும். 2024 ஜூலை 19 அன்று கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது நினைவிருக்கலாம். விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடிய கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருள் அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகளை விழச்செய்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அந்த நிறுவனமே பின்னர் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய தரவுக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. கெர்னலுக்குள் இருந்த நிரல் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போன இடத்தில் கணினி விழுந்தது. அந்தக் கோளாறுக்குக் கம்பைலர் காரணமில்லை. ஆனால் கெர்னலுக்குள் இரு தரப்புக்கும் அளவு ஒத்துப்போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இப்போது கம்பைலருக்கு வருவோம். மனிதர் எழுதும் மூலநிரலைச் செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரல் அது. தமிழில் தொகுப்பி என்பார்கள். லினக்ஸ் உலகில் ஜிசிசி, கிளாங் என்ற இரண்டும் முதன்மையானவை. 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் புதிய இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலாக அறிவித்தபோதே ஜிசிசி 1.40 அதில் ஓடுவதாகத் தெரிவித்திருந்தார். அன்று தொடங்கிய உறவு.

கம்பைலரை வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்தால் பாதிதான் புரியும். மூலநிரல் சொல்லாமல் விட்ட ஆயிரம் விஷயங்களை அதுவே தீர்மானிக்கிறது. பழைய காலத்தில் கதவுநிலையை ஒரு தச்சரும் கதவை இன்னொரு தச்சரும் செய்வதாக வைத்துக்கொள்வோம். உயரம் நான்கு முழம் என்று இருவரிடமும் சொல்லியாயிற்று. இருவரும் தத்தம் கைமுழத்தால் அளந்து, சொன்னபடியே குறையில்லாமல் செய்கிறார்கள். பொருத்தும் நாளில்தான் கதவு நிலைக்குள் நுழையாது என்று தெரிகிறது. கெர்னல் என்பது நிலை, மாட்யூல் என்பது கதவு, கம்பைலரும் அதற்குக் கொடுத்த அமைப்புகளும் அந்த முழம்.

கெர்னலுக்குள் ஒவ்வொரு சாதனத்தைப் பற்றிய தகவலும் ஒரு கட்டமைப்பில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும்: பெயர் இத்தனையாவது பைட்டில், நிலை இத்தனையாவது பைட்டில் என்று. மாட்யூல் அந்தக் கட்டமைப்பைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. கட்டப்படும்போதே எண்ணி வைத்த தூரத்தை வைத்து நேராகப் போய்ப் படிக்கிறது. ஒரு கம்பைலரில் இருக்கும் வசதி இன்னொன்றில் இல்லை என்றாலோ, கட்டும்போது ஓர் அமைப்பு மாறினாலோ, அந்தத் தூரங்கள் நகர்ந்துவிடலாம். நீண்டகாலக் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் கெர்னலுக்குள் நிலையான இடைமுகம் ஏன் கிடையாது என்று விளக்கி எழுதிய ஆவணத்தில் முதலில் எடுத்துக்காட்டும் காரணங்களில் இதுவும் ஒன்று. கம்பைலரின் பதிப்பு மாறினால் கட்டமைப்புகளின் உள்ளமைப்பும் மாறலாம்.

2018இல் வந்த 4.18 பதிப்பிலிருந்து இது இன்னும் நெருக்கமானது. கெர்னலைக் கட்டத் தொடங்கும்போதே, கையிலுள்ள கம்பைலரால் எதெல்லாம் முடியும் என்று அமைப்புக் கட்டமே சோதித்துப் பார்க்கிறது. முடிந்தவை பட்டியலில் வரும்; முடியாதவை வராமலே போகும். எனவே ஒரே மூலநிரலை, ஒரே விருப்பங்களோடு, இரண்டு கம்பைலர்களால் கட்டினால் கிடைப்பவை இரண்டு வேறு கெர்னல்கள். இதன் உச்சம், 2017இல் 4.13 பதிப்பில் வந்த ஒரு பாதுகாப்பு வசதி. தாக்குபவர் ஊகிக்க முடியாதபடி கட்டமைப்புகளின் உள்வரிசையைக் கம்பைலரே கலைத்துப் போடும். அதே விதையெண்ணைக் கொண்டு கட்டாத மாட்யூல் அந்தக் கெர்னலில் எந்தத் தகவலையும் சரியான இடத்தில் காணாது.

பொருந்தாத கதவைக் கெர்னல் கண்டுபிடிக்காதா? ஓரளவு கண்டுபிடிக்கும். ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் வெர்மேஜிக் என்ற ஓர் அடையாள வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. கெர்னலின் பதிப்பு, பல செயலிகளுக்கானதா, வேலையை இடையில் நிறுத்தி மாற்றிக்கொள்ளும் வகையா என்ற விவரங்கள் அதில் இருக்கும். கெர்னல் தன் வரியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் மாட்யூலை ஏற்ற மறுத்துவிடும். 2.6 வரிசையின் ஆரம்பப் பதிப்புகளில் ஜிசிசியின் பதிப்பெண்ணும் அந்த வரியில் இருந்தது, பின்னர் எடுத்துவிட்டார்கள். இது போக, கெர்னல் வெளியே தரும் ஒவ்வொரு செயற்கூறின் வடிவத்துக்கும் ஒரு சரிபார்ப்பெண் கணக்கிட்டு ஒப்பிடும் முறையும் உண்டு. இரண்டும் நல்ல காவல். ஆனால் இவை பெயரையும் வடிவத்தையும்தான் பார்க்கின்றன. கம்பைலர் கட்டளைகளைச் சரியாக எழுதியதா என்பதை இவற்றால் பார்க்க முடியாது.

வைஃபை மறைந்த புதிருக்கு இப்போது திரும்பலாம். உபுண்டு 22.04இல் வழக்கமான கம்பைலர் ஜிசிசி 11. அதன் முதல் கெர்னல் 5.15உம் அதே ஜிசிசி 11ஆல் கட்டப்பட்டது. 2024 தொடக்கத்தில் புதிய வன்பொருளுக்கான 6.5 கெர்னல் அதே வெளியீட்டுக்கு அப்டேட்டாக வந்தபோது, அது ஜிசிசி 12ஆல் கட்டப்பட்டிருந்தது. கெர்னல் மூலத்துக்கு வெளியே இருந்து வரும் டிரைவர்களை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் தானாக மறுபடி கட்டித்தர டிகேஎம்எஸ் என்ற கருவி இருக்கிறது. டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2003 வாக்கில் உருவாக்கியது அது. அப்டேட் வந்ததும் அது வழக்கம்போல வேலையைத் தொடங்கி, பயனரின் கணினியில் இருந்த ஜிசிசி 11ஐ எடுத்தது.

6.5 கெர்னலின் அமைப்பிலோ, செயற்கூறுகளின் உள்மாறிகளை எல்லாம் தொடக்கத்திலேயே பூஜ்ஜியமாக்கச் சொல்லும் ஒரு கட்டளை இருந்தது. முந்தைய வேலை விட்டுச்சென்ற இரகசியத் துணுக்குகள் கசியாமல் தடுக்கும் நல்ல ஏற்பாடு அது. 2022 மே மாதம் வந்த ஜிசிசி 12இல்தான் முதலில் சேர்ந்தது. ஜிசிசி 11க்கு அந்தச் சொல்லே தெரியாது. இப்படி ஒரு விருப்பம் எனக்குப் புரியவில்லை என்று பிழை சொல்லி நின்றுவிட்டது. டிரைவர் கட்டப்படவில்லை. என்விடியா திரை அட்டை வைத்திருந்தவர்களுக்கு டிரைவர் போனது. வெளி டிரைவரை நம்பிய வைஃபைக்காரர்களுக்கு வலை போனது. ஜிசிசி 12ஐ நிறுவி மறுபடி கட்டச் சொன்னதும் பலருக்குச் சரியானது. இந்தக் கோளாறில் ஒரு நல்ல பக்கமும் உண்டு: அது வாய்விட்டுச் சொன்னது. கட்டாமல் நின்ற மாட்யூல் யாருடைய தரவையும் கெடுக்கவில்லை.

அமைதியாகக் கெடுக்கும் கோளாறுதான் அஞ்சவேண்டியது. அதற்குச் சான்று 2021 ஜனவரியில் வெளிவந்தது. ஏஆர்எம் செயலிகளுக்கான லினக்ஸை நெடுங்காலம் பராமரித்து வந்த ரசல் கிங்கின் 64 பிட் ஏஆர்எம் கணினிகளில், எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை அவ்வப்போது சரிபார்ப்பெண் தவறு என்று புகார் சொன்னது. வட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு குறிப்புப் பதிவுக்கும் ஓர் எண்ணைக் கணக்கிட்டுக் கூடவே வைப்பது எக்ஸ்ட்4இன் வழக்கம். படிக்கும்போது மறுபடி கணக்கிட்டு இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்கும். ஒத்துவராவிட்டால் வட்டு கெட்டுவிட்டதாக முடிவு செய்யும். அவருடைய வட்டோ கெடவில்லை. மறுபடி பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. நீண்ட காலம் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று வரும். செயலி நினைவகத்தை அணுகும் வரிசை தளர்வாக இருப்பதுதான் காரணமோ என்ற சந்தேகமே அவர் அனுப்பிய மடலின் தலைப்பில் இடம்பெற்றது. வன்பொருளைச் சந்தேகிக்க எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது.

குற்றவாளி அகப்பட்டது, கம்பைலர் எழுதித் தந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தபோது. அதைப் புரிந்துகொள்ள அடுக்கு என்ற ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஒவ்வொரு செயற்கூறும் ஓடும்போது தற்காலிக எண்களை எழுதிவைக்க நினைவகத்தில் சிறிது இடம் எடுத்துக்கொள்ளும். எது வரை தன் இடம் என்பதை அடுக்குச்சுட்டி காட்டும். வேலை முடிந்ததும் சுட்டியைப் பின்னுக்குத் தள்ளி இடத்தை விட்டுக்கொடுத்துவிடும். விட்டுக்கொடுத்த இடத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். விசைப்பலகை, வலை அட்டை, கடிகாரம் என்று ஏதாவது ஒன்று குறுக்கிட்டால், கெர்னல் நடுவில் நிறுத்திய வேலையின் விவரங்களை உடனே அங்கேதான் எழுதும்.

ரசல் கிங் பயன்படுத்தியது ஜிசிசி 4.9.4. சரிபார்ப்பெண்ணைக் கணக்கிட்டு முடித்த பிறகு, அந்தக் கம்பைலர் முதலில் சுட்டியைத் தள்ளி இடத்தை விட்டுக்கொடுத்தது; அடுத்த கட்டளையில்தான் அங்கிருந்த விடையைப் படித்தது. இரண்டுக்கும் இடையே எதுவும் குறுக்கிடாவிட்டால் விடை சரி. சரியாக அந்த இடைவெளியில் ஒரு குறுக்கீடு வந்துவிட்டால், விடை இருந்த இடத்தில் வேறு எண் இருக்கும். நவீனச் செயலியில் அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்று எண்ணிப் பார்த்தால், கோளாறு ஏன் இவ்வளவு அபூர்வமாக வந்தது என்பது விளங்கும். எத்தனை சோதனை ஓட்டினாலும் அது ஏன் நழுவிப் போயிற்று என்பதும் விளங்கும். இந்தப் பிழை ஜிசிசியின் பிழைப் பதிவேட்டில் 2014இலேயே 63293 என்ற எண்ணோடு பதிவாகி, 5.1 பதிப்பில் தீர்க்கப்பட்டிருந்தது. மருந்து தயாராகி ஆண்டுகள் ஆகியும், பழைய கம்பைலர் வைத்திருந்தவர்களிடம் நோய் தொடர்ந்தது. அதன்பின், 64 பிட் ஏஆர்எம்முக்கு ஜிசிசி 5.1க்குக் கீழ் எதைக் கொண்டும் கட்ட முடியாதபடி கெர்னலிலேயே தடை போட்டார்கள்.

2014 ஜூலையில் நடந்ததும் இதே குடும்பத்துக் கதை. 3.16 கெர்னலின் சோதனைப் பதிப்புகளில், வேலைகளைச் செயலிகளுக்குப் பங்கிடும் பகுதியில் காரணமில்லாமல் கணினிகள் விழுந்தன. ஜிசிசி 4.9.0 அடுக்கில் இடம் ஒதுக்குவதற்கு முன்பே அங்கே எழுதிவிடுவதை டோர்வால்ட்ஸ் கண்டுபிடித்தார். பிழைதிருத்தத் தகவல் தொடர்பான ஒரு கம்பைலர் வசதியை அணைத்து அதைச் சமாளித்தார்கள்.

இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்தபின் ஒரு விஷயம் உறுதியாகச் சொல்லலாம். பிழையில்லாமல் கட்டி முடிந்தது, துவங்கி ஓடியது என்பவை கம்பைலர் ஏற்றது என்பதற்குச் சான்றாகா. ஆதரவுள்ள கருவி என்பது, ஆயிரக்கணக்கானவர்கள் அதே கருவியால் அதே கெர்னலைக் கட்டி, பலவகைக் கணினிகளில் ஓட்டி, வந்த பிழைகளைப் பதிந்து தீர்த்த கருவி. அந்தக் கூட்டு உழைப்புக்குப் பெயர்தான் ஆதரவு.

பாதுகாப்பும் இதில் சேர்ந்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறை வெளியானபோது, அதன் ஒரு வகையைத் தடுக்கக் கம்பைலரே கட்டளைகளை வேறுவிதமாக எழுதவேண்டியிருந்தது. அந்த வித்தை தெரிந்த ஜிசிசி 7.3 ஜனவரி 25 அன்றும், அதைப் பயன்படுத்தும் 4.15 கெர்னல் ஜனவரி 28 அன்றும் வந்தன. கெர்னலைப் புதிய கம்பைலராலும் மாட்யூலைப் பழைய கம்பைலராலும் கட்டினால், கெர்னல் காத்த வாசலை மாட்யூல் திறந்துவைத்ததாகிவிடும். அதற்காகவே ஒவ்வொரு மாட்யூலிலும் ஒரு குறி இடப்பட்டது. குறியில்லாத மாட்யூல் நுழைந்தால் கெர்னல் எச்சரிக்கும்.

அப்படியென்றால் சந்தைக்கு வந்த ஆகப் புதிய கம்பைலரை எடுத்துவிடலாமா? அதுவும் சரிப்படாது. 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, சி மொழியின் புதிய தரமான சி23ஐத் தன் இயல்பாக்கிக்கொண்டது. பழைய கெர்னல் பதிப்புகளில் சில மூலைகள் எந்தத் தரம் என்று குறிப்பிடாமல் இருந்தன. மெய், பொய் என்பதற்கு அவை தாமே வைத்துக்கொண்ட பெயர்கள் புதிய தரத்தில் மொழியின் சொந்தச் சொற்களாகிவிட்டதால், கட்டுமானம் நின்றது. பராமரிப்பாளர்கள் திருத்தம் அனுப்பும் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

கம்பைலர் பதிப்பின் கீழ் எல்லையை முடிவு செய்வது ஒருவகைப் பேரம். 2021இல் 5.15 கெர்னல் ஜிசிசி 5.1ஐக் குறைந்தபட்சம் என்றது, 2025இல் 6.16 அதை 8.1ஆக உயர்த்தியது. பழைய, ஆனால் இன்னும் புழக்கத்திலுள்ள டெபியன் 10, ரெட் ஹேட் 8 போன்ற வெளியீடுகளில் ஜிசிசி 8 வரிசை இருப்பதால், அவற்றை வைத்திருப்பவர்களைக் கைவிடாமல் ஏறக்கூடிய படி அது. உயர்த்தும் ஒவ்வொரு முறையும், பழைய கம்பைலர்களின் பிழைகளுக்காகக் கெர்னலுக்குள் போட்டுவைத்த ஒட்டுகளைப் பிய்த்தெறிய முடிகிறது. இந்தக் குறைந்தபட்சப் பட்டியல் கெர்னல் மூலநிரலோடேயே ஓர் ஆவணமாக வருகிறது. கெர்னல் கட்ட உட்காருபவர்கள் முதலில் திறக்கவேண்டிய பக்கம் அது. பெரும்பாலானவர்கள் கடைசியில் திறப்பதும் அதுதான்.

கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இந்தப் பாடம் வேறு வழியில் செயலாகியிருக்கிறது. 2017இல் வந்த பிக்சல் 2இன் கெர்னலை கூகுள் கிளாங்கால் கட்டியது. ஆண்ட்ராய்டு 12ஓடும் 5.10 கெர்னலோடும் வந்த புதிய ஏற்பாட்டில், கெர்னலின் பொது நடுப்பகுதியை கூகுள் கட்டுகிறது; கேமரா, மோடம், திரைக்கான கூறுகளைக் கைப்பேசி நிறுவனங்களும் சில்லு நிறுவனங்களும் கட்டுகின்றன. நிலை ஓரிடத்திலும் கதவு வேறிடத்திலும் செய்யப்படும் நிலைமை. அதனால் கம்பைலரையே மூலநிரல் மரத்தோடு சேர்த்து அனுப்புகிறார்கள். கட்டுபவரின் கணினியில் என்ன இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. கூடவந்த கம்பைலர்தான் ஓடும்.

தமிழ்நாட்டில் இதே பாடத்தைச் சில்லு வடிவமைத்தவர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் கொண்டார்கள் என்று சொல்லலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி குழுவினரின் சக்தி செயலித் திட்டம், தனக்கென்று ஒரு கட்டளைத் தொகுதியைக் கண்டுபிடிக்காமல், பெர்க்லியில் பிறந்த திறந்த தரமான ரிஸ்க்-5ஐ ஏற்றது. 2017 மே மாதம் ஜிசிசி 7.1 ரிஸ்க்-5ஐ அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15 ஏற்றது. அதே ஆண்டில், இன்டெலின் ஆரிகன் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்து வந்த ரைஸ்க்ரீக் சில்லுகளில் லினக்ஸ் துவங்கியது. சில மாதங்களில் சண்டிகரிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் இன்னொரு சக்தி சில்லும் உருவானது. சில்லு சொந்தம், கம்பைலர் உலகத்தோடு பொதுவில் பராமரிக்கப்படுவது. தனிக் கட்டளைத் தொகுதி என்று போயிருந்தால், அதற்கான கம்பைலரின் ஒவ்வொரு பிழையையும் அந்தச் சிறு குழுவே காலமெல்லாம் தேடித் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். துணிவோடு எடுத்த நல்ல முடிவு அது.

புஞ்சாக் ஆலாமில் பழைய மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் மாணவர் இதை எப்படிச் சோதிப்பது? ப்ராக் என்ற அடைவிலுள்ள வெர்ஷன் என்ற கோப்பைத் திறந்தால், ஓடும் கெர்னலை எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பு கட்டியது என்று ஒரே வரியில் இருக்கும். தன் ஜிசிசியின் பதிப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாட்யூல் கட்டும்போது, கெர்னலைக் கட்டிய கம்பைலர் வேறு என்று கெர்னலின் கட்டுமான நிரலே எச்சரித்து இரண்டின் பெயரையும் அச்சிடும். அதைத் தாண்டிப் போகக் கூடாது. கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகளும் அதே பதிப்புக்கானவையாக இருக்கவேண்டும்.

வெளி மாட்யூலே தேவைப்படாத வன்பொருளை வாங்குவது இன்னும் நல்லது. கெர்னல் மூலத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்ட டிரைவரை வெளியீட்டுக்காரர்களே, கெர்னலைக் கட்டும் அதே நாளில் அதே கம்பைலரால் கட்டி அனுப்புகிறார்கள். பல மலிவு மடிக்கணினிகளில் இருக்கும் ரியல்டெக் வைஃபை சில்லுகளுக்கான ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் 2019இல் 5.2 கெர்னலில் சேர்ந்தது. அதன் யூஎஸ்பி வகைகளில் சில 2023 பிப்ரவரியில் 6.2 கெர்னலில் சேர்ந்தன. அந்தச் சில்லுகள் உள்ளவர்கள் இணையத்தில் தேடி டிரைவர் இறக்கிக் கட்டிக்கொண்டிருந்த வேலை அத்தோடு தேவையற்றுப் போனது.